எட்டாத இலை

அத்தியாயம் 6

அந்தப் புகைப்படத்தின் முன்னால் மேடம் நிற்க ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவருடைய உதவியாளருக்குப் பசிக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உதவியாளர் என்றால் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டவர் அல்ல, கல்யாணம் செய்துகொண்டவர். மேடம் இருபத்தெட்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடைக்காரர்களின் தராசுகளை நடுங்க வைத்தவர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது ஸ்கூட்டர் ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. தபால் நிலையக் கவுன்டரில் முத்திரை குத்திக் குத்தித் தோள் இறங்கிப்போன கணவரும் அதே சமயத்தில் ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் மனைவியை "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டு வாசலைத் தாண்டியதும் "ஏம்மா" என்று மாற்றிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பழக்க தோஷத்தில் போன வாரம் சமையலறையில் நின்றுகொண்டு, "மேடம், உப்பு டப்பா எங்க?" என்று கேட்டுவிட்டு மனிதர் இரண்டு நாள் கேலிக்கு ஆளானார்.

"இங்க வந்து பாருங்க" என்றார் மேடம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உதவியாளர் பார்த்தார். சுவர் முழுக்கப் பெரிதாக்கி ஒட்டிய பழைய படம். இந்த இரும்பு வார்ப்பாலை திறந்த நாளில் எடுத்தது. வாசலில் நாற்பது தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவர்களுடைய தலைக்கு மேலே, இரண்டு செங்கல் தூண்களுக்கு நடுவே, வார்ப்பிரும்புப் பெயர்ப்பலகை.

பலகை என்று சொல்வது அதற்கு அவமரியாதை. முழுக்க முழுக்க ஒரே வார்ப்பில் ஊற்றிய இரும்புக் கொடி அது. எழுத்துகளுக்கு உள்ளே புகுந்து, வெளியே வந்து, அடுத்த எழுத்தின் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஓர் இலை மாதிரி இன்னோர் இலை இல்லை. கீழே நின்று எடுத்த படம் என்பதால் இலைகளின் அடிப்பக்கம் தெரிந்தது. அதை வார்த்தவன் அங்கேயும் நரம்பு நரம்பாகக் கோடு போட்டிருந்தான். மூன்றாவது எழுத்துக்குப் பக்கத்து இலையில் ஒரு பொத்தல், அதன் ஓரத்தில் சுகமாகச் சுருண்டு படுத்திருக்கும் ஒரு புழு. கொடியின் இரண்டு நுனிகளிலும் கடைசி இலை ஒன்று நீண்டு, தூணில் பதித்திருந்த விளக்குக் கொக்கியைக் குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவனுக்கு விளக்குகளைக் கொடிதான் தாங்குகிறது என்று தோன்றும்.

"இலையோட அடிப்பக்கத்த எவன் நிமிந்து பாக்கப்போறான்? அங்கயும் நரம்பு போட்டிருக்கான் பாருங்க" என்றார் மேடம். "புழு வேற வெச்சிருக்கான். முதலாளிகிட்ட கேட்டிருக்க மாட்டான், ராஸ்கல்."

"அந்தப் புழுவாவது சாப்பிட்டிருக்கு மேடம்" என்றார் உதவியாளர்.

மேடம் காதில் வாங்கவில்லை. வழக்கு அப்படி. நாலு மணிக்கு ஒரு பெண்ணின் பிழைப்பும் பெயரும் போகப்போகிறது.

அந்தப் பெண்மணியை எல்லோரும் கிடங்கு அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக இந்த ஆலையின் பொருள் கிடங்கு அவர் பொறுப்பு. ஆலை மூடிய பிறகும், இதைக் கண்காட்சிக்கூடமாக மாற்றப்போகிறோம் என்று ஓர் அறக்கட்டளை வந்த பிறகும், கிடங்குச் சாவி அவர் இடுப்பை விட்டுப் போகவில்லை. வாசல் தூண்களுக்குப் பூச்சு வேலை நடந்ததால் பலகையை இறக்கிக் கிடங்கில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை பூட்டிவிட்டுப் போனார். திங்கள்கிழமை காலை திறந்தால் பலகை இல்லை. அன்று மதியமே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நல்ல மனது தொலைபேசியில் துப்புக் கொடுக்க, பலகை கிடைத்துவிட்டது. கிடைத்த இடம், கிடங்கு அம்மாவின் புருஷன் நடத்தும் பழைய இரும்புக் கடை. தகரக் குவியலுக்கு அடியில்.

அறக்கட்டளைத் தலைவர் ஆலை நிறுவனரின் கொள்ளுப்பேரன். பெருந்தன்மையாக ஒரு கடிதம் தயார் செய்து, மேலே தங்க முனைப் பேனாவையும் வைத்தார். திருட்டை ஒப்புக்கொண்டு வேலையை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நாலு மணித் திறப்பு விழாவுக்கு வரும் இன்ஸ்பெக்டர், போகும்போது புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்.

கிடங்கு அம்மா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கிடைத்திருப்பது நம்முடைய பலகையே இல்லை என்றார். மாதம் ஒரு தடவை ஏணி போட்டுத் துடைக்கிறவர் அவர். வலது பக்கத்துக் கடைசி இலையின் ஓரத்தில் துடைக்கிற துணி எப்போதும் மாட்டிக் கிழியும். இந்தப் பலகையில் மாட்டவில்லை. தலைவர் அதைக் கேட்டுச் சிரித்தார். இரும்பைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும், அந்த ஞானமெல்லாம் கொள்ளுத் தாத்தாவோடு போய்விட்டது என்றும், ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் பேசும் பேச்சு தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார்.

ஆக, கிடங்கு அம்மா கூப்பிட்டு வந்த மேடத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு நூல் நுனி. கிடைத்த பலகை அதே பலகையா, வேறா?

அதற்கும் காலையிலேயே பதில் கிடைத்துவிட்டது. தூண்களில் பலகையை மாட்டுகிற போல்ட் துளைகள் பழையபடியே இருந்தன. மேடம் முற்றத்தில் கிடத்தியிருந்த பலகையின் துளைக்குத் துளை தன் டேப்பால் அளந்தார். அதே நேரத்தில் உதவியாளர் வாசலில் ஏணி ஏறி, தூணுக்குத் தூண் கயிறு பிடித்து, கயிற்றைத் தரையில் நீட்டி அளந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அறக்கட்டளைச் செயலாளர். சும்மா நின்றாலே வேர்த்துக் கொட்டுகிற ஒல்லியான மனிதர்.

பலகை, ஒன்பது அடி பத்தே முக்கால் அங்குலம். வாசல், ஒன்பது அடி பத்தே முக்கால் அங்குலம். இம்மியும் பிசகவில்லை.

அதைச் சொன்னபோது கிடங்கு அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப என் கண்ணுதான் பொய்யா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிடங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மேஜையில் அந்தக் கடிதமும் பேனாவும் அப்படியே இருந்தன. உதவியாளருக்கு அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அவருக்கு மனசு கேட்காவிட்டால் வாய் அதிகமாகும்.

"மேடம், படத்த எவ்ளோ நேரம் பாத்தாலும் அது ஒன்பது அடி பத்தே முக்கால்தான். வாங்க, ரெண்டு பன்னாவது தின்னுட்டு வந்து வருத்தப்படுவோம்."

மேடம் மெதுவாகத் திரும்பினார்.

"திரும்பச் சொல்லுங்க."

"ரெண்டு பன்."

"அதுக்கு முன்னாடி."

"ஒன்பது அடி பத்தே முக்கால்."

"இவ்ளோ நேக்கா வேல செஞ்சவன்" என்று மேடம் படத்தைத் தட்டினார். "இலைக்கு அடியில நரம்பு போட்டவன். வாசல் கட்டச் சொல்றப்ப அந்தக் கொத்தனார்கிட்ட என்ன அளவு சொல்லியிருப்பான்? ஒன்பது அடி பத்தே முக்கால்னா சொல்லுவான்? பத்து அடின்னு வாய் நிறையச் சொல்றதுக்கு அவனுக்கு என்ன கேடு?"

இருபத்தெட்டு வருடம் அரைக்கிலோவையும் முக்கால் லிட்டரையும் சந்தேகப்பட்டே வளர்ந்த மூக்கு மேடத்துடையது. சில்லறை அளவைக் கண்டால் அதற்கு அரிக்கும். இப்போது அரித்தது. வாசலை எதால் அளந்தீர்கள் என்று கேட்டார்.

உதவியாளர் அசடு வழிந்தார். டேப் ஒன்றுதான் இருந்தது, அது மேடத்திடம் இருந்தது. பக்கத்தில் மர மாதிரி அறை என்று ஒன்று. அந்தக் காலத்தில் வார்ப்புக்கு முன்னால் மரத்தில் மாதிரி செய்கிற இடமாம். கண்காட்சிக்காக உளி, இழைப்புளி எல்லாம் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு ரெண்டடி மர அளவுகோலும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். இன்னும் திருப்பி மாட்டவில்லை. மாட்டாததற்குக் காரணம், முதுகு சொறிய அது அவ்வளவு வாகாக இருந்தது.

சட்டைக்குப் பின்னாலிருந்து உருவி நீட்டினார். மேடம் அதை மேஜைமேல் வைத்து, தன் டேப்பைப் பக்கத்தில் நீட்டினார். இரண்டும் ஒரே இடத்தில் ஆரம்பித்தன. ஓர் அடி தாண்டும்போது மெல்ல விலகத் தொடங்கின. அளவுகோலில் இரண்டு அடி முடிகிற இடத்தில் டேப் இரண்டு அடியும் கால் அங்குலமும் காட்டியது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். உதவியாளர் பயந்துவிட்டார். வேலை நேரத்தில் மேடம் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"வேலைக்குச் சேந்த புதுசுல" என்றார் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்ப்படப் பட்டறைக்குச் சோதனைக்குப் போனேன். இதே மாதிரி பதினோரு அளவுகோல். எல்லாமே அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட. மோசடி அளவுகோல்னு எழுதி, சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்துட்டேன். எங்க அதிகாரி பாத்துட்டு மேஜைல தலைய வெச்சுச் சிரிச்சாரு. மறுநாள் நானே போய், நானே மன்னிப்புக் கேட்டு, நானே திருப்பிக் குடுத்தேன். பட்டறையே கை தட்டுச்சு."

"இருபத்தாறு வருஷக் கல்யாணத்துல இத ஒரு தடவகூட சொல்லலையே."

"சொல்லிட்டு உங்ககூட குடித்தனம் பண்ண முடியுமா?"

பிறகு மேடம் விளக்கினார். காய்ச்சிய இரும்பை ஊற்றி ஆறவிட்டால் அது சுருங்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம். அதனால் பத்தடிப் பொருள் வேண்டுமானால் மர மாதிரியைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, மர மாதிரி செய்கிறவர்கள் அளவுகோலையே நீட்டிவிட்டார்கள். அவர்களுடைய அறைக்கு வெளியே அந்த அளவுகோல் ஊரை ஏமாற்றும்.

உதவியாளர் விரல் விட்டு எண்ணினார். ரெண்டடிக் கோலை ஐந்து தடவை வைத்தால் ஐந்து கால் அங்குலம். அதாவது ஒன்றே கால் அங்குலம்.

"அப்ப வாசல் நிஜமாவே பத்து அடி."

"பத்து அடி. பலகை ஒன்றே கால் அங்குலம் குறைச்சல். உங்க அளவுகோல் எவ்ளோ கூட இருந்துச்சோ, அவ்ளோ பலகை குறைஞ்சிருக்கு. ரெண்டு தப்பும் கை கோத்துக்கிட்டு நம்மள ஏமாத்திருக்கு."

"அது ஏன் ரெண்டும் ஒரே அளவு?"

"ரெண்டும் ஒரே சுருக்கம்ங்கறதால. நிஜப் பலகைய யாரோ அப்படியே மண்ணுல அழுத்தி, அந்த அச்சுல இரும்ப ஊத்தியிருக்காங்க. அது ஆறிச் சுருங்கிருக்கு. மண்ணுல அழுத்தி எடுத்ததால இலை ஓரமும் மழுங்கிருக்கு, அதான் துணி மாட்டல. அந்த அம்மா கண்ணு பொய் சொல்லல."

உதவியாளர் அப்போதே கிடங்குக்கு ஓடப் பார்த்தார். மேடம் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். போலி என்று நிரூபித்தால் மட்டும் போதாது. நிஜத்தை விற்றுவிட்டுப் போலியை மறைத்து வைத்தாள் என்று அதே அம்மாவின் தலையில் கட்டிவிடுவார்கள். செய்தது யார் என்று தெரிய வேண்டும். கிடங்குக்கு மூன்று சாவிகள். ஒன்று கிடங்கு அம்மாவிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று தலைவரிடம்.

"செயலாளர்தான் மேடம். காலையிலேர்ந்து வேர்த்து ஊத்துது."

"நீங்க ஏணி மேல நின்னா, கீழ புடிச்சவனுக்கு வேர்க்காம என்ன பண்ணும்?"

அக்கம்பக்கத்தில் இன்னும் உலை எரிகிற பட்டறை ஒன்றே ஒன்றுதான். ஸ்கூட்டரில் கால் மணி நேரம். வழியில் உதவியாளர் ஒரு சந்தேகம் கேட்டார். போலியைச் செய்தவன் பேசாமல் கிடங்கிலேயே கொண்டுபோய் வைத்திருக்கலாமே, எதற்கு அந்த அம்மாவின் புருஷன் கடையில் போட வேண்டும்?

"போலின்னு கண்டுபுடிக்கக்கூடிய ஆளு ஊருல ஒருத்திதான்" என்று பின்சீட்டிலிருந்து மேடம் கத்தினார். "அவளத் திருடியாக்கிட்டா? அப்புறம் அவ என்ன சொன்னாலும் திருடி சொல்றதுதான."

உதவியாளருக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு பட்டறை வரும்வரை அவர் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை.

வார்ப்பு மேஸ்திரி கரி படிந்த பனியனோடு மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பிடி கொடுக்காமல் பேசினார். வேலை கொடுத்தவர் பெயரை வெளியே சொல்கிற பழக்கம் தன் பட்டறையில் இல்லை என்றார். கண்காட்சியில் வைக்க ஒரு நகல் வேண்டும் என்றுதான் தன்னிடம் சொன்னார்கள், அதில் திருட்டு எங்கே வந்தது என்றும் கேட்டார். மேடம் வற்புறுத்தவில்லை. எழுந்து, போகிற போக்கில், கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பேரு வேணாம் மேஸ்திரி. ஆனா வேல கொஞ்சம் மட்டம். அளவு தெரியாம ஊத்திட்டீங்க. குறையுது."

மேஸ்திரி சல்லடையைக் கீழே போட்டார்.

"யாருக்கு அளவு தெரியாது? நிஜத்தையே அச்சா வெச்சு ஊத்தினா ஒன்றே கால் அங்குலம் குறையும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். மர மாதிரி புதுசா செய்யணும், பத்து நாள் குடுங்கன்னேன். கேட்டாரா மனுஷன்? ஒன்றே கால் அங்குலத்த எவன் நிமிந்து பாக்கப்போறான்னு சொல்லிட்டாரு. இந்த ஊருல அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். என் வேலைய மட்டம்னு சொல்லாதீங்க."

"மன்னிச்சுக்குங்க" என்றார் மேடம் மனமார. "நாலு மணிக்கு அத வாசல்ல மாட்டப்போறாங்க. வந்து பாருங்க."

வெளியே வந்ததும் உதவியாளர் ஸ்கூட்டரை உதைக்கவில்லை. மாட்டப்போவதில்லையே என்றார். வாசலில் மாட்டினால் ஆபத்து, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று தலைவர்தான் முடிவு செய்திருந்தார். மேடம், மாட்ட வைக்கலாம் என்றார். அதோடு ஒரு கட்டளையும் போட்டார். ஏணி ஏறப்போவது நீங்கள்தான், அங்கே என்ன பார்த்தாலும் வாயிலிருந்து ஓர் எண் வரக்கூடாது.

மூன்றரை மணிக்கு வாசல் முழுக்கக் கூட்டம். மேடம் பத்திரிகைப் புகைப்படக்காரரின் காதில் ஒரு யோசனையைப் போட்டார். பழைய படத்தில் இருக்கிற மாதிரியே அதே வாசலில், அதே பலகைக்குக் கீழே எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் எப்படி இருக்கும்? புகைப்படக்காரருக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அவரைவிட இன்ஸ்பெக்டருக்கு அதிகமாகப் பிடித்தது. தொப்பியைச் சரி செய்துகொண்டு நடுவில் போய் நின்றுவிட்டார். தலைவர், நேரமாகிறது, கனம் அதிகம், விழுந்தால் யார் பொறுப்பு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சீருடையில் ஒருவர் போஸ் கொடுத்து நின்ற பிறகு அதெல்லாம் எடுபடவில்லை.

சுமை தூக்குகிறவர்கள் சங்கிலி போட்டுப் பலகையை மேலே ஏற்றினார்கள். இடது பக்க ஏணியில் ஒரு தொழிலாளி. வலது பக்க ஏணியில், செயலாளரின் வேர்த்த கைகளுக்கு மேலே, உதவியாளர். இடது துளையில் போல்ட் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. கடைசி இலை விளக்குக் கொக்கியை அழகாகப் பிடித்தது. கூட்டம் கை தட்டியது.

வலது பக்கத்து இலை கொக்கியை நோக்கி நீண்டு, தொடாமல் நின்றது.

"எட்டல மேடம்" என்றார் உதவியாளர்.

கோணலாகப் பிடித்திருப்பார்கள் என்றார் தலைவர். நேராகப் பிடித்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள். அப்போதும் எட்டவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கிடங்கு அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் பேனா. அவர் தலையை நிமிர்த்தி அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கவலைப்பட்டார்.

"என்ன சார் இது, அரை அடி குறையுது போல இருக்கே. அரை அடி குறைஞ்சா இது அந்தப் பலகையே இல்லையே."

"எது அரை அடி?" என்று தலைவர் பாய்ந்தார். "ஒன்றே கால் அங்குலம். ஒன்றே கால் அங்குலம் குறைஞ்சா என்ன இப்ப, குடியா முழுகிடுச்சு?"

மேடம் கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார். அது இன்னும் சுருட்டியபடியே இருந்தது. அதை ஒரு தொழிலாளியிடம் கொடுத்து ஏணிக்கு அனுப்பினார். உதவியாளர் பலகைத் துளைக்கும் தூண் துளைக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். அவசரப்படாமல் இரண்டாவது தடவையும் பார்த்தார். இந்த நிமிடத்துக்காக அவர் மதிய உணவையே தியாகம் செய்திருந்தார்.

"ஒன்றே கால் அங்குலம்" என்று மேலிருந்து அறிவித்தார். "மூக்குக்குப் பக்கத்துல இருந்த எனக்கே இப்பதான் தெரியுது. சார் இருபதடி தள்ளி நின்னு சொல்லிட்டாரு. இரும்பப் பத்தி ஒண்ணும் தெரியாதவருக்கு நல்ல கண்ணு."

இன்ஸ்பெக்டர் போஸைக் கலைத்துக்கொண்டு திரும்பினார். எப்படி சார் சொன்னீர்கள் என்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டார். தலைவர் வாயைத் திறந்தார். அப்போது அவர் கண்ணில் கூட்டத்துக்கு நடுவே ஒரு முகம் பட்டது. தான் ஊற்றிய வேலை வாசலில் ஏறுவதைப் பார்க்க, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார் வார்ப்பு மேஸ்திரி.

"நான் உங்க பேரைச் சொல்லல சார்" என்றார் மேஸ்திரி வருத்தமாக. "நீங்களேதான் சொல்லிக்கிட்டீங்க."

அதற்கு மேல் தலைவர் மறைக்கவில்லை. மறைக்க முடியாது என்று தெரிந்ததும் கோபம்தான் வந்தது. அது தன் கொள்ளுத் தாத்தாவின் பலகை என்றார். தன் புது வீட்டின் மாடிப்படிச் சுவரில் பத்திரமாக இருக்கிறது என்றார். இன்ஸ்பெக்டர் அவர் தோளுக்கு வெகு அருகில் வந்து நின்றுகொண்டார்.

"ரோட்டுல போறவன் வர்றவன் தலைக்கு மேல அத மாட்டி என்ன புண்ணியம்?" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "இத்தன வருஷத்துல ஒருத்தன் நிமிந்து பாத்திருப்பானா?"

"நான் பாத்தேன்" என்றார் கிடங்கு அம்மா.

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஏணி மேலிருந்த உதவியாளருக்குக்கூடக் கேட்டது. கீழே செயலாளருக்கு வேர்ப்பது நின்றுபோயிருந்தது.

கிடங்கு அம்மா கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கிடங்கின் பதிவேடு இருந்தது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, தலைவருக்கு முன்னால் நீட்டினார். தங்க முனைப் பேனாவையும் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"பத்தொன்பது வருஷமா கையெழுத்து இல்லாம ஒரு ஆணிகூட என் கிடங்க விட்டு வெளிய போனதில்ல. எடுத்துட்டுப் போனவர்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க சார்."

தலைவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், போடுங்க என்று தலையை ஆட்டினார். தலைவர் போட்டார்.

நிஜப் பலகை லாரியில் வந்து சேர ஐந்தரை மணி ஆயிற்று. இந்தத் தடவை இரண்டு போல்ட்டுகளும் இரண்டே தட்டில் இறங்கின. இரண்டு இலைகளும் இரண்டு கொக்கிகளைப் பிடித்துக்கொண்டன. மூன்றாவது எழுத்துக்குப் பக்கத்தில் புழு சுகமாகப் படுத்திருந்தது. மேடம் அதைப் பார்த்து, ராஸ்கல் என்று மறுபடியும் பிரியமாகத் திட்டினார். உதவியாளர், வேலை நேரம் முடிந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏம்மா, இப்பவாவது சாப்பிடலாமா?" என்றார். அந்த அளவுகோலைச் சுவரில் திருப்பி மாட்டிவிட்டு வந்தால் சாப்பிடலாம் என்று பதில் வந்தது.

கிடங்கு அம்மா யாரையும் கேட்காமல் ஏணி ஏறினார். துணியை எடுத்து, எழுத்து எழுத்தாக, இலை இலையாகத் துடைத்துக்கொண்டே போனார். வலது பக்கத்துக் கடைசி இலைக்கு வந்ததும் துணி மாட்டியது. இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

கிழிந்த துணியை உயரப் பிடித்துக் கீழே இருந்தவர்களுக்குக் காட்டினார். அன்றைக்கு முழுக்க அழாதவர், அதைக் காட்டும்போதுதான் அழுதார்.